எங்கள் வீட்டு 29 இன்ச் பெட்டி டிவி

29 இன்ச் பிக்சர் டியூப் டிவி ஒன்றையும் 32 இன்ச் எல்.இ.டி. டிவி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று கேட்டால், எல்லாரும் 32 என்றுதான் சொல்வார்கள். பழைய படம் பார்க்கிறவர்களுக்கு அது சரியான பதில் இல்லை. டேப் வைத்து அளந்தால் தெரியும். 29 இன்ச் என்று போட்டிருப்பது கண்ணாடி டியூபின் முழு அளவு. படம் தெரிகிற பகுதி மூலைக்கு மூலை 68 சென்டிமீட்டர். அகலம் 54, உயரம் 41 வரும். 32 இன்ச் எல்.இ.டி.யில் அகலம் 71 இருக்கும், உயரம் 40தான். நாலுக்கு மூன்று என்ற பழைய வடிவத்தில் எடுத்த படத்தை அதில் ஒழுங்காகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் 53க்கு 40 என்ற அளவில் படம் நிற்கும். பெட்டி டிவியில் அதே படம் திரை முழுக்க வருகிறது, கொஞ்சம் பெரிதாகவும் வருகிறது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். இன்றைய சினிமாஸ்கோப் படம் ஒன்றை எங்கள் டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்பு விழுந்து, நடுவில் 23 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் படம் தெரியும். ஆக, இந்த டிவியை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது நாம் அதில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான். எங்கள் வீட்டில் அம்மா பார்ப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களும் அறுபதுகளின் கலர் படங்களும். அதற்காகத்தான், அப்பா வாங்கிப் போட்ட இந்த டிவியைத் தூத்துக்குடி வீட்டின் மாடியில் இன்றும் நல்லபடியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வடிவத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? அமெரிக்காவில் 1953-ல் சினிமாஸ்கோப் வந்ததே, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட ஜனங்களைத் தியேட்டருக்குத் திரும்ப இழுக்கத்தான். அதற்கு முன்பு சினிமாத் திரையும் டிவி திரையும் ஏறக்குறைய ஒரே வடிவம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் எல்லாம் அந்தப் பழைய சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் சாதா 35 எம்.எம். படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியதிலிருந்து இரண்டாயிரங்களின் மெகா சீரியல்கள் வரை எல்லாம் அதே வடிவம். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குள் இலங்கையும் வந்துவிடும். ரூபவாஹினி 1982-ல் வந்ததும், தூத்துக்குடியில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் ஏறின. கடல் தாண்டி வந்த அந்தப் படங்களும் நாலுக்கு மூன்றுதான்.

அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் க்ளோஸ்-அப்பில் முகத்தை எங்கே நிறுத்த வேண்டும், தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்தவர்கள். இப்போது சில சேனல்கள் அதே படத்தை இழுத்து அகலத் திரையை நிரப்பி ஒளிபரப்புகின்றன. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கன்னம் ஊதி, நெற்றி பரந்து, ஓடுகிற கார் சக்கரம்கூட முட்டை வடிவத்தில் உருளும். பழக்கத்தில் பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. அம்மாவுக்குப் படும். “இது அவங்க மூஞ்சியே இல்லையே” என்று ஒரு பாட்டின் நடுவில் எழுந்து போய்விட்டாள். தன் இளவயதில் தியேட்டரில் பார்த்த முகங்கள் அவளுக்கு அத்தனை துல்லியமாக மனதில் இருக்கின்றன. அந்த முகங்களை அவை இருந்தபடியே காட்ட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இங்கேதான் பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. செட்-டாப் பாக்ஸின் மெனுவில் திரை வடிவத்துக்கு என்று ஒரு இடம் இருக்கும். லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்பு விட்டு அகலப் படம் முழுவதையும் காட்டுவது), பான் ஸ்கேன் அல்லது சென்டர் கட் (இரண்டு பக்கமும் வெட்டித் திரையை நிரப்புவது), 16:9 (அகலப் படத்தை வெட்டாமல் பக்கவாட்டில் நெருக்கித் திரையை நிரப்புவது) என்று மூன்று தேர்வுகள் சாதாரணமாக இருக்கும். பாக்ஸ் மாட்ட வருகிற பையன் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போவான். பிறகு அதை யாரும் தொடுவதில்லை. தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய படத்தைச் சேனல்கள் மூன்று விதமாக அனுப்புகின்றன.

முதல் விதம், படத்தை அதன் வடிவத்திலேயே வைத்து இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு அனுப்புவது. இதை லெட்டர்பாக்ஸில் பார்த்தால் பெட்டி டிவியில் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி நடுவில் நிற்கும். பான் ஸ்கேனுக்கு மாற்றினால் பக்கத்துப் பட்டைகள் வெட்டுப்பட்டுப் படம் திரை முழுக்க வந்துவிடும். இரண்டாவது விதம், நான் மேலே சொன்ன இழுத்த படம். இதற்குப் பாக்ஸை 16:9-ல் வைக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்து அனுப்பியதை நம் டிவி அதே அளவுக்கு உள்ளே தள்ளிவிடுவதால் முகம் பழையபடி முகமாக வந்து நிற்கும், திரையும் நிறையும். சேனல்காரர் கெடுத்ததை நம் வீட்டுப் பெட்டி சரி பண்ணிவிடுகிறது. அம்மா எழுந்து போன அதே பாட்டை இப்படி மாற்றி வைத்துக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவள் படம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. மூன்றாவது விதம், அகலத் திரையை நிரப்ப மேலேயும் கீழேயும் வெட்டி அனுப்புவது. தலை போய்விடும், ஆடுகிறவர்களின் காலும் போய்விடும். அதற்கு எந்த டிவியிலும் மருந்து இல்லை. அந்தச் சேனலில் பார்க்காமல் விடுவதுதான் வழி.

உங்கள் டிவி மெனுவிலேயே 16:9 என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்கண்ணாடி வளையாமல் தட்டையாக இருக்கிற 29 இன்ச் ஃபிளாட் டியூப் மாடல்கள் பலவற்றில் உண்டு. இருந்தால் வேலை இன்னும் சுலபம். செட்-டாப் பாக்ஸை நிரந்தரமாக 16:9-ல் விட்டுவிட்டு, புதுப் படம், கிரிக்கெட் என்றால் டிவியை 16:9-க்கும், இழுத்து அனுப்புகிற பழைய படம் என்றால் நார்மலுக்கும் டிவி ரிமோட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். 16:9-ல் வைக்கும்போது டிவி எல்லாக் கோடுகளையும் நெருக்கி அதே உயரத்துக்குள் வரைவதால், பாக்ஸின் லெட்டர்பாக்ஸைவிடப் படம் கூர்மையாகத் தெரியும். அம்மாவுக்காக ரிமோட்டில் அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் மஞ்சள் நெயில்பாலிஷ் வைத்திருக்கிறோம்.

ஒரு குறை இருக்கிறது. பெட்டி டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் திரைக்கு வெளியே தள்ளித்தான் வரையும். பான் ஸ்கேனும் சேர்ந்தால் செய்தி சேனலில் கீழே ஓடுகிற எழுத்தும் கிரிக்கெட்டில் மூலையில் இருக்கிற ஸ்கோரும் பாதி அடிபடும்.

அடுத்தது எடை. 29 இன்ச் ஃபிளாட் டிவி 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். உள்ளே காற்றே இல்லாத அந்த டியூபை வெளிக்காற்று எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க முன்கண்ணாடி தடிமனாக இருந்தாக வேண்டும். ஃபிளாட் என்றால் இன்னும் தடிமன். அதனால் எடை முக்கால்வாசியும் திரைப் பக்கம்தான். பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக் கூடு மாதிரி லேசாக இருக்கும். தூக்கும்போது திரை நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும், பின்பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திரையை வெளியே வைத்துத் தூக்கினால் எடை ஆளை முன்னால் இழுக்கும்.

நாங்கள் கீழ் வீட்டிலிருந்து மாடிக்கு ஏற்றியபோது லோடுமேன் இருவர் வந்தார்கள். பெரியவர் முதலில் டிவியைத் தொடவே இல்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று கையால் அகலம் பார்த்தார், கீழே வந்து டிவியின் ஆழத்தைக் கையால் பார்த்தார். அப்புறம் கதவைக் கழற்றச் சொன்னார். ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து டிவிக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, திரைப் பக்கம் தன் நெஞ்சுக்கு வரும்படி அவர் கீழ்ப்படியில் நின்றார். சின்னவன் மேலே பின்னோக்கி ஏறினான். ஒவ்வொரு படிக்கும் “வை” என்றால்தான் அடுத்த படி. பிளாஸ்டிக் கைப்பிடியை இருவரும் நம்பவில்லை. பழைய பிளாஸ்டிக் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடும் என்றார். வீடு மாற்றுகிறவர்கள் இந்த டிவிக்கு மட்டும் பழகின ஆளைத் தேடுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

வைக்கிற ஸ்டாண்டைப் பற்றி நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எல்.இ.டி.க்கு என்று இப்போது விற்கிற மெல்லிய பலகை யூனிட்டில் இதை வைக்கக் கூடாது. எங்கள் டிவி நிற்பது தேக்கில் செய்த தாழ்வான பெஞ்சின் மேல், முழங்கால் உயரத்தில். எடை முன்பக்கம் இருப்பதால், இழுப்பறை வைத்த ஸ்டாண்டில் குழந்தை அந்த இழுப்பறையை வெளியே இழுத்து அதன் மேல் ஏறினால் டிவி அப்படியே முன்னால் சாயும். 50 கிலோ கண்ணாடி குழந்தை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் தாழ்வான, இழுப்பறை இல்லாத, முன்பக்கம் டிவியைவிட நீண்டிருக்கிற பெஞ்சு. டிவியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒரு பட்டையால் கட்டிவிடுவது இன்னும் நல்லது. டிவியின் மேல் பிள்ளைக்குப் பிடித்த எதையும் வைக்க வேண்டாம். பூச்சாடியும் வேண்டாம், மேலே இருக்கிற காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் நேராகப் போர்டில் இறங்கும்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று. சத்தத்தை முழுசாகக் குறைத்து வைத்திருந்தாலும் என் மகன் அடுத்த அறையிலிருந்தே “டிவி ஓடுது” என்று சொல்லிவிடுவான். நம் ஊர் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. டிவிக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அந்த வேகத்தில் மெல்லியதாகக் கீச்சிடும். வயது ஏற ஏற அந்த உச்ச ஒலி நம் காதைவிட்டுப் போய்விடுகிறது. எனக்குக் கேட்பதில்லை, அவனுக்குக் கேட்கிறது. பெரியவர்களுக்கும் தெளிவாகக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

திரையின் ஒரு மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ திட்டு விழுந்தால் பிக்சர் டியூப் போச்சு என்று பதற வேண்டாம். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரின் காந்தம்தான் காரணம். ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரை டிவியை ஒட்டி வைத்திருந்தால் தள்ளி வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். திரும்பப் போடும்போது ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும் அல்லவா, அது திரையைச் சுற்றியிருக்கிற செப்புக் கம்பிச் சுருள் காந்தத்தைக் கலைக்கிற சத்தம். அந்தச் சுருள் டிவி ஆறியிருந்தால்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். உடனே உடனே அணைத்துப் போட்டுப் பலன் இல்லை. பெரிய டியூப் பூமியின் காந்தத்துக்கே அசைந்து கொடுக்கும். கிழக்கு பார்த்து இருந்ததை வடக்கு பார்த்துத் திருப்பினால் படம் ஒரு பக்கம் லேசாகச் சாயலாம். மெனுவில் டில்ட் அல்லது ரொட்டேஷன் என்று இருப்பது அதைச் சரி செய்யத்தான்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. டியூபின் முதுகில் ரப்பர் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும். பெரிய டிவிகளில் அதன் வழியாக 25,000 வோல்ட்டுக்கு மேல் போகும். அந்த மின்சாரம் தூசியை இழுக்கும். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் அந்தத் தூசியில் சேர்ந்தால், டிவி போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கூடவே ஒரு காரமான வாசனையும் வரும். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு தரம் மெக்கானிக்கை வைத்துத் துடைத்துவிட்டால் போதும். அதை நாம் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி வெகு நேரம் ஆன பிறகும் டியூபுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாமல் கை வைத்தால் தூக்கி அடிக்கும். மின்னல் நாட்களில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுவது எங்கள் வீட்டில் வழக்கம். கரண்ட் வழியைவிட ஒயர் வழியாக வந்த மின்னலில் போர்டு போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

மெக்கானிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டிவியின் ஆயுள் அவர் கையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவிகளால் ஊருக்கு ஊர் பிக்சர் டியூப் வேலை தெரிந்தவர்கள் நிறைய நாள் தாக்குப்பிடித்தார்கள். இப்போது அவர்களும் எல்.இ.டி. பேனலுக்கு மாறிவிட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு அண்ணாச்சி. எண்பதுகளில் சாலிடேர், டயனோரா காலத்திலிருந்து சாலிடரிங் அயர்ன் பிடித்தவர்.

ஒருநாள் படம் மறைந்து திரைக்கு நடுவில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றது. முதலில் காட்டிய சர்வீஸ் கடையில் போர்டு மொத்தமும் போச்சு, சைனா போர்டு போட்டுவிடலாம் என்றார்கள். அண்ணாச்சி வந்து பின்மூடியைக் கழற்றினார். பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, போர்டைத் திருப்பி டார்ச் அடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். “தம்பி, இங்க பாருங்க” என்று ஒரு ஐ.சி.யின் காலைக் காட்டினார். ஈயப் பொட்டைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வட்டம். சூடும் ஆறலுமாகப் பல வருஷம் மாறி மாறி ஏறி இறங்கி ஈயம் விட்டிருந்தது. டிரை சோல்டர் என்பார்கள். படத்தை மேலும் கீழும் விரிக்கிற ஐ.சி. அது, அதற்கு இணைப்பு விட்டுப் போனதால் படம் முழுவதும் ஒரே கோடாகச் சுருங்கிவிட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். வைத்த கையோடு பக்கத்தில் சூடாகிற மற்ற கால்களுக்கும் வைத்தார். போட்டதும் படம் திரை முழுக்க விரிந்தது.

போகும்போது அவர் சொன்னதை இந்த டிவி வைத்திருக்கிற எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும். “எந்தக் காரணத்துக்கும் ஒரிஜினல் போர்டை மாத்த விடாதீங்க தம்பி.” சைனா போர்டு பெரும்பாலும் 14, 21 இன்ச் டிவிகளை மனதில் வைத்துச் செய்தது. 29 இன்ச் ஃபிளாட் டியூபில் பக்கவாட்டு ஓரங்கள் வளையாமல் நிற்கத் தனியாக ஒரு சர்க்யூட் வேண்டும். சின்ன போர்டில் அது இருக்காது. போட்டால் படம் வரும், ஆனால் இரண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்கின மாதிரி உள்ளே வளைந்திருக்கும். உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். கழற்றின பாகத்தின் மேல் எழுதியிருக்கிற எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கரண்ட் செலவு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இந்த அளவு டிவி 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். 120 என்று வைத்துக்கொண்டால், தினம் ஆறு மணி நேரத்துக்கு இரண்டு மாத பில்லில் 43 யூனிட். 45 வாட் எல்.இ.டி. என்றால் 16 யூனிட். வித்தியாசம் 27 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்குள் அடங்குகிற சின்னக் குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே மேல் அடுக்கில் இருக்கிற வீட்டில் தெரியும். எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் சின்ன எல்.இ.டி. ஒன்றும் உண்டு, செய்தியும் சீரியலும் அதில் ஓடும். பெரிய டிவியைப் படத்துக்கு மட்டும் போடுகிறோம். டியூபுக்கும் அது நல்லது. ஒரே சேனலின் லோகோ பல வருஷம் ஒரே இடத்தில் எரிந்தால் திரையில் அதன் நிழல் தங்கிவிடும்.

இப்போது யாராவது பழைய பெரிய டிவி வாங்க நினைத்தால், அதுவும் பழைய வீடியோ கேம் ஆடுகிற பையன்கள் தேடி அலைகிறார்கள், போகிற இடத்தில் டிவியை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய டிவியை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். படம் பிரகாசமாக வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனாலோ, வெள்ளை எழுத்தின் வலப்பக்கம் சிவப்பு ஒழுகினாலோ டியூப் வீக். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சிக்னல் இல்லாத நீலத் திரையில் நிறம் மூலைக்கு மூலை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகளில் எழுத்தின் ஓரம் கொஞ்சம் பிரிந்து தெரிவது பெரிய ஃபிளாட் டியூபுக்கு இயல்பு, அதை மன்னிக்கலாம். ஸ்லிம் என்று பின்னால் வந்த மாடல்களில் டியூப் நீளத்தைக் குறைத்ததால் ஓர வளைவு இன்னும் கூடுதலாக இருக்கும், ஆழமான பழைய மாடல் மேல். பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகளோடு பச்சை, நீலம், சிவப்பு என்று கம்போனென்ட் சாக்கெட்டும் இருந்தால் விடாதீர்கள். டி.வி.டி. பிளேயரை அதில் மாட்டிப் பார்த்தவர்கள் மஞ்சள் ஒயருக்குத் திரும்ப மாட்டார்கள். துப்பாக்கி வைத்துச் சுடுகிற பழைய கேம்கள் இந்த டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். டியூப் திரையில் ஒளி வருகிற விதத்தையும் நேரத்தையும் நம்பித்தான் அந்தத் துப்பாக்கி குறியைக் கண்டுபிடிக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த டிவிக்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது, அது கல்யாண கேசட். எண்பது, தொண்ணூறுகளில் எடுத்த வி.எச்.எஸ். கேசட் எல்லா வீட்டிலும் பீரோ மேல் தட்டில் கிடக்கும். பெரிய 4கே டிவியில் போட்டால் களிம்பு பூசிய மாதிரி இருக்கும். அந்தக் கேசட்டில் இருக்கிற விவரமே குறைவு, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் என்ன தெரியும்? பெட்டி டிவியில் அதே கேசட் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சித்தி கல்யாணத்தில் ஆச்சி பந்தி விசாரித்துக்கொண்டு நடந்து வருகிற இடம் ஒன்று உண்டு. எல்.இ.டி.யில் அது யாரோ ஒரு வெள்ளைச் சேலை. பெட்டி டிவியில் ஆச்சியின் பாம்படம் ஆடுவது தெரிகிறது.

கேசட் வைத்திருப்பவர்கள் தள்ளிப் போடாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் குறைந்துகொண்டே வருகிறது. மாற்றிக் கொடுக்கிற ஸ்டுடியோவில் இரண்டு விஷயத்தை எழுதியே கொடுங்கள். 720க்கு 576 என்ற முழு அளவில் வேண்டும், 4:3 வடிவத்திலேயே வேண்டும். சொல்லாவிட்டால் அகலத் திரைக்கு இழுத்துக் கொடுப்பார்கள், தாலி கட்டுகிற மாப்பிள்ளையின் முகமும் அந்தப் பழைய படங்களின் கதிக்கு ஆளாகும். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை. சுத்தம் செய்யாமல் பிளேயரில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்து போடுகிற கேசட்டும் கெடும்.

கடைசியாக, டிவியை வீட்டைவிட்டு அனுப்புகிற விஷயம். பழைய சாமான் வாங்குகிறவருக்கு இதில் தேவைப்படுவது யோக் என்கிற, டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கிற கம்பிச் சுருளில் இருக்கிற செம்பும் கொஞ்சம் போர்டும்தான். அதை எடுக்க டியூபின் கழுத்தை உடைத்துவிட்டுக் கண்ணாடியை ஓடைக்கரையில் வீசிவிடுவார்கள். டியூபின் பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈயம் கலந்திருக்கிறது. உள்பக்கம் பூசிய பொடியும் கைபடக் கூடாதது. எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் கடைக்காரர் அதை எங்கே அனுப்புகிறார் என்று கேளுங்கள். இல்லையென்றால் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஓடுகிற நிலையில் இருந்தால் அதற்கும் முன்னால், கேம் ஆடுகிற பையன்கள் யாராவது தெரிந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தூக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், போர்வையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.